திருத்தாமல் விட்ட சொல்

தொழிலாளிக்கு நிர்வாகம் தெரியாது என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் அதைச் சொன்னார். "அவனுங்க கையில குடுத்தா மூணு மாசத்துல இழுத்து மூடிருவானுங்க சார்" என்றார். அவர் பண்ணையில் தீவனம் கலப்பது, கோழிக்கு ஊசி போடுவது, முட்டை பிரித்து அடுக்குவது, லாரி ஏற்றுவது எல்லாம் ஆட்கள்தான். அவர் செய்வது காலையில் போனில் முட்டை விலை கேட்பது. பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் நடத்தினேன். வகுப்பில் இரண்டு பக்கமும் சொல்வேன். மேடையில் ஒரு பக்கம்தான். கோயில் திருவிழா, பொங்கல் விழா என்று எங்கே பட்டிமன்றம் வைத்தாலும், "முதலாளித்துவமா, பொதுவுடைமையா" என்ற தலைப்பு வந்தால் பொதுவுடைமைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கைதட்டலுக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு பழக்கமும் இருந்தது. பேச்சில் யாராவது ஆங்கிலம் கலந்தால் நிறுத்தித் திருத்துவேன். அதற்காகவே என்னை மதித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் எட்டாவதோடு நிறுத்தியவர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்குக் கேபினும் பின்தொட்டியும் கட்டி, பெயின்ட் அடித்து, லாரி முதலாளியின் பிள்ளைகள் பெயரையெல்லாம் வண்டி நெற்றியில் எழுதி அனுப்புகிற வேலை. தச்சர், வெல்டர், டிங்கர், பெயின்டர் என்று இருபத்தொரு பேர். பட்டறை அண்ணனுடையது. அது நின்ற நிலம் அப்பா விட்டுப்போனது, எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. இது முக்கியம்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று, சாமி கும்பிட்டுப் பொரி கடலை கொடுத்த பிறகு, பட்டறையிலேயே ஒரு விளையாட்டுப் பட்டிமன்றம் நடக்கும். நான்தான் நடுவர். கேபின் ஒன்றில் என்னை உட்கார வைப்பார்கள், அதுதான் எனக்கு மேடை. ஒரு வருடம் தலைப்பை மேஸ்திரி கொடுத்தார். மேஸ்திரி என்பவர் தலைமை வெல்டர், எருமப்பட்டிக்காரர், அப்பா காலத்திலிருந்து அங்கே வேலை பார்த்தவர். "பட்டறை யாருக்குச் சொந்தம்? காசு போட்டவனுக்கா, கை போட்டவனுக்கா?"

அண்ணன் காசுக்குப் பேசினார். "ஏப்பா, ஆர்டர் இல்லாத வருசம் உங்கூட்டு நகையையா அடகு வெச்சேன்? எங்கூட்டுக்காரி தாலிக்கொடியத்தான வெச்சேன்?"

கைக்குப் பேச பெயின்டர் எழுந்தார். ஒல்லியான மனிதர், வாய் மட்டும் பெரிது. "மொதலாளி, தாலிக்கொடி திரும்பி வந்துருச்சுங்க. வெல்டிங்ல போன மேஸ்திரி கண்ண எந்தக் கடையிலங்க திருப்பறது?"

"அடப்போடா! அவனுக்குக் கண்ணு போனது வெல்டிங்லயா? ஊட்டுக்காரிக்குத் தெரியாம பீடி ஒளிச்சு வெச்சு, இருட்டுல தேடித் தேடிப் போச்சு!"

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மேஸ்திரி. நான் எழுந்து தீர்ப்புச் சொன்னேன். காசு வரும் போகும், இந்தக் கேபினைக் கட்டியது கைதான், ஆகவே கை போட்டவனுக்கே பட்டறை சொந்தம் என்றேன். பெயின்ட் டப்பாவையும் சுத்தியலையும் தட்டிக் கொண்டாடினார்கள். அண்ணனும் கை தட்டினார். எனக்கு அது இன்னொரு மேடை. அவர்களுக்கு அப்படி இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு அண்ணனுக்கு முழங்கால் முடியாமல் போனது. மகன் வெளிநாட்டில் இருந்தான்; திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அப்போது கார் விற்கிற நிறுவனம் ஒன்றின் ஆள் நிலத்தைக் கேட்டு வந்தார். நெடுஞ்சாலைப் பக்கம், ஷோரூமுக்குத் தோதான இடம். ஒரே வாரத்தில் மேஸ்திரியும் அண்ணனிடம் வந்து பேசினார். பட்டறையை நாங்கள் இருபத்தொரு பேரும் சேர்ந்து நடத்துகிறோம், நிலத்துக்கு வாடகை தருகிறோம், இயந்திரங்களின் விலையை வேலையிலிருந்து மெல்ல அடைக்கிறோம், உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்றார்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அவனுங்களே எடுத்துக்கட்டும்டா தம்பி. ஷோரூம்காரன் காசு எச்சாக் குடுப்பான், இல்லேங்கல. ஆனா நாளைக்கு ரோட்டுல போறப்ப நம்ம பேரு போட்ட கேட்டு நிக்கோணுமில்ல? ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு எழுதிக் கொண்டாரச் சொல்லியிருக்கறேன். நீ படிச்சவன், படிச்சுச் சொல்லு."

வாழ்நாள் முழுக்க முதலாளி பக்கம் வாதாடிய மனிதர் சொன்னது இது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முப்பது ஆண்டுகளாக எந்த நாளுக்காகப் பேசினேனோ அந்த நாள் வந்து நின்றது. ஆனால் எனக்கு வேறு கணக்கு இருந்தது. மோகனூரில் காவிரிக் கரையோரம் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தேன். ஓய்வுக் காலத்துக்கு மாடி வைத்து ஒரு வீடு, புத்தகத்துக்குத் தனி அறை. ஷோரூம்காரர் கேட்ட நிலத்தில் பாதி என்னுடையது. வாடகை வந்தால் அந்த வீடு வராது.

இதை நேராகச் சொல்லியிருக்கலாம். "அண்ணா, எனக்கு விற்க வேண்டும்" என்றால் அவர் ஒரு நொடி முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றிருப்பார். அதற்கும் எனக்கு மனம் இல்லை. வீடும் வேண்டும், பொதுவுடைமைக்காரன் என்ற பெயரும் வேண்டும்.

சனிக்கிழமை காலை மேஸ்திரியும் பெயின்டரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையெழுத்து அழகு என்பதால் மனுவை எழுதியவர் பெயின்டர். லாரி நெற்றியில் எழுதுவது போலவே குண்டு குண்டாக, ஒரு கோடு சாயாமல் எழுதியிருந்தார்.

"பார்ட்னருன்னுதாங்க மொதல்ல எழுதுனேன்" என்றார் பெயின்டர். "ஐயா பாத்தா இங்கிலீசு எதுக்கும்பாருன்னு சுத்தத் தமிழ்லயே மாத்திப்போட்டனுங்க."

"பெழ இருந்தா நீங்களே திருத்திக் குடுத்துருங்க சாமி" என்றார் மேஸ்திரி.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். முதல் வரியில் ஓர் ஒற்றுப்பிழை, அதைத் திருத்தினேன். நான்காவது வரிக்கு வந்தேன். "எங்கள் இருபத்தொரு பேரையும் தங்கள் பங்காளிகளாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்."

பங்குதாரர் என்று எழுதியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பங்காளி என்பது பங்கு வைத்திருப்பவன் அல்ல. ஒரே குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுபவன், ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் தானும் தீட்டுக் காப்பவன், ஒரே ரத்தம். மேஸ்திரியும் பெயின்டரும் எங்கள் சாதி இல்லை. அவர்கள் பாட்டனார்கள் எங்கள் பாட்டனார் காட்டில் கூலிக்கு வந்தவர்கள். அந்தச் சொல்லை அவர்கள் எழுத்தில் என் அண்ணி கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அண்ணி சொல்லை மீறி அண்ணன் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தியதில்லை என்பதும் தெரியும்.

பேனா முனை அந்தச் சொல்லின் மேல் நின்றது. நான்கு எழுத்து அடித்து ஆறு எழுத்து எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பேனாவை மூடினேன். "நல்லா இருக்கு. இப்படியே குடுங்க" என்றேன்.

இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டில், கார் நிற்கும் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு அண்ணனும் அண்ணியும் நானும் உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரி படிக்குக் கீழே நின்றார். பெயின்டரும் இன்னும் நான்கைந்து பேரும் கேட்டருகில் நின்றார்கள். அண்ணன் காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான் மேடைக் குரலில் படித்தேன். "பங்குதாரர்" என்று வாயால் மாற்றிப் படித்திருக்கலாம். இரண்டாவது வாய்ப்பும் அங்கே இருந்தது. "பங்காளிகளாக" என்று படித்து, கைதட்டலுக்கு நிறுத்துவது போல் ஒரு மூச்சு நிறுத்தினேன். ஆம், நிறுத்தினேன்.

அண்ணி எழுந்துவிட்டார். "என்னது? பங்காளியா? எங்களுக்கா?"

"அது வந்துங்க அம்மா, தொழில்ல..." என்று மேஸ்திரி ஆரம்பித்தார்.

"என்ன தொழில்ல? நாளைக்கு எங்கூட்ல எழவு உழுந்தா நீங்களும் மொட்ட போட்டுத் தீட்டுக் காப்பீங்களா? எங்க கோயல்ல வந்து பொங்க வெப்பீங்களா? பட்டறையக் கேக்கறீங்கன்னு பாத்தா, பரம்பரையையே கேக்கறீங்களா?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார். ஆனால் பேசினார். "பெரியய்யா தவறுனப்ப பதினாறு நாளும் பட்டறைல ஒருத்தனுங் கறி திங்கலீங்க. யாரும் எங்களச் சொல்லலீங்க. நாங்களா இருந்தமுங்க."

அது உண்மை. எனக்கே அன்றுதான் தெரியும். அப்பாவுக்காக நான் அத்தனை நாள் இருக்கவில்லை. பதினோராம் நாளே சேலத்தில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் சாப்பிட்டேன்.

அண்ணிக்கு அந்தப் பதில் இன்னும் எரிச்சலைக் கூட்டியது. "பாருங்க, பாருங்க, ஒறவே கொண்டாடறான்!" என்று அண்ணனிடம் திரும்பினார். அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏண்டா தம்பி, நீ என்ன சொல்ற?"

"அவர்கள் சொன்னது பங்குதாரர் என்ற பொருளில்" என்று ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது இது: "எழுத்துல இருக்கறத இல்லேன்னு சொல்ல முடியாதுங்க அண்ணா."

பொய்யே இல்லாத வாக்கியம். அதுதான் அதில் இருந்த அயோக்கியத்தனம். அண்ணன் காகிதத்தை மடித்துக் கார் மேல் வைத்துவிட்டு, ஷோரூம்காரருக்கே கொடுத்துவிடலாம் என்றார். பட்டறை தை மாதத்தோடு மூடியது. இருபத்தொரு பேரும் கரூர், சங்ககிரி, திருச்செங்கோடு என்று கலைந்தார்கள். நான் மோகனூரில் வீடு கட்டினேன்.

அண்ணன் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் பங்கு வைத்திருப்பவர். பொதுக்குழுவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு போவார். கரும்பு போடுகிறவன் ஆலைக்குச் சொந்தக்காரன் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பால் ஊற்றுகிறவன் சங்கத்தில் ஓட்டுப் போடுவான். மாமன் மச்சான் நான்கு பேர் பங்கு சேர்ந்து போர்வெல் ரிக் வாங்கி ஆந்திரா வரைக்கும் ஓட்டியதை வீரக்கதையாகச் சொல்வோம். இந்த வட்டாரமே கூட்டுச் சேர்ந்து எழுந்ததுதான். அப்போதெல்லாம் நாலு பேருக்கு நாலு புத்தி, உருப்படாது என்று யாரும் சொல்லவில்லை. வெல்டரும் பெயின்டரும் அதையே கேட்டால் மட்டும் சித்தாந்தம் வந்துவிடுகிறது, மனித இயல்பு வந்துவிடுகிறது, தோற்றுப்போன நாடுகளின் பட்டியல் வந்துவிடுகிறது. கூட்டு எங்களுக்குப் புதிதல்ல. யாரோடு கூட்டு என்பதுதான் எங்கள் கேள்வி. அந்தக் கேள்வியை மறைக்கத்தான் இத்தனை மேடைகளும். அந்த மேடைகளில் அதிகம் நின்றவன் நான்.

சென்ற ஆண்டு ஒரு நாள் எருமப்பட்டிக்குப் போனேன். மனத்தில் இருந்ததை மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது, அப்படியும் வேறொருவர் பட்டறையில் நாள் கூலிக்கு வெல்டிங் போகிறார். உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

மேஸ்திரி கேட்டுவிட்டு, "பேனா நின்னத நானும் பாத்தனுங்க" என்றார்.

நான் கேட்டேன்: "அப்ப ஏன் என்னன்னு கேக்கல?"

"அந்த வார்த்தைல என்ன கோளாறுன்னு எனக்கு அப்பத் தெரியிலீங்க. அடுத்த நாள் அம்மா பேசுனப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சதுக்கப்பறம் கேட்டு என்னாகோணுங்க?" பிறகு அவரே என்னைத் தேற்றத் தொடங்கினார். "உடுங்க சாமி, வெசனப்படாதீங்க."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி உள்ளே வந்தார். "நீங்க சும்மா இருங்க" என்று கணவனை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்களுக்கு மனசு லேசாகோணும்னு இவரு தலையாட்டோணுமா? இந்த மனுசனாவது பரவால்ல. அந்தப் பெயின்டரு என்னுங்க பாவம் பண்ணுனாரு? அந்தாளு எழுதுன எழுத்துனாலதான் பட்டறை போச்சுன்னு இருவது பேரும் பேசறாங்க. பேரே 'பங்காளி'ன்னு வெச்சுட்டாங்க. எழவுக்குப் போனாலும் சிரிக்கறாங்க. இவரு, பேனா கதைய வெளிய சொன்னா ஐயா மானம் போயிரும்னு வாயத் தொறக்கல. சொல்லோணும்னா அங்க போயிச் சொல்லுங்க. எங்கூட்ல வந்து மோரக் குடிச்சுட்டு அழுவாதீங்க."

மேஸ்திரி அவரைத் தடுக்கவில்லை. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அண்ணனிடமும் அண்ணியிடமும் அன்று மாலையே சொன்னேன். அண்ணி, "அவங்க அந்த அர்த்தத்துல எழுதலேன்னு எனக்குந்தான் தெரியுமே" என்றார். அண்ணன் என்னிடம் இன்றுவரை பேசவில்லை.

பெயின்டர் இப்போது வேலை செய்யும் பட்டறை நாமக்கல்லுக்கு வெளியே இருக்கிறது. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அங்கே போனேன். சாரத்துப் பலகை மேல் குந்தி, ஒரு லாரியின் நெற்றியில் எழுதிக்கொண்டிருந்தார். கீழே நின்றபடியே சொன்னேன். பாதி சொல்லும்போதே இறங்கி வந்துவிட்டார். துணியில் கை துடைத்தபடி முழுவதும் கேட்டார். முகம் மாறியதா என்று தெரியவில்லை. மீசையில் பெயின்ட் தெறித்திருந்தது.

"இன்னொருக்காச் சொல்லோணும்" என்றார். "எனக்கில்லீங்க. இவங்களுக்கு." பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏப்பா, கம்ப்ரசர நிறுத்து. எல்லாரும் சித்தெ வாங்க. எங்க பழைய வாத்தியாரய்யா ஒண்ணு சொல்றாரு."

பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களில் மூன்று பேர் அண்ணன் பட்டறையில் இருந்தவர்கள். ஒருவர், "என்ன பங்காளி, ஐயாவையும் கடுதாசி எழுதச் சொல்லப்போறயா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் தொண்டையைக் கனைத்து, "அன்பு நண்பர்களே" என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேண்டாங்க" என்றார் பெயின்டர். "நடந்ததச் சொல்லுங்க."

சொன்னேன். ஒற்றுப்பிழையைத் திருத்தியதை, நான்காவது வரியில் நின்றதை, பேனாவை மூடியதை, அண்ணன் வீட்டில் மூச்சு நிறுத்திப் படித்ததை. சிரித்தவர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டவர் ஒருவர்தான். அண்ணன் பட்டறையில் தச்சு வேலை பார்த்த வயதானவர்.

"எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க? எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

"இல்லைங்க. எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்துச்சு."

"கட்டீட்டீங்களா?"

"கட்டிட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லது. ஒருவர்கூடத் திட்டவில்லை. பெயின்டரைப் பார்த்து, "நாங்கதாம்ப்பா தப்பாப் பேசிப்போட்டோம்" என்று மட்டும் சொன்னார் அந்தத் தச்சர். பெயின்டர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். யாரோ கம்ப்ரசரைப் போட்டார்கள். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். சம்பளம் வாங்கும் வேலை. அதிக நேரம் நிற்க முடியாது, அந்த முதலாளி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயின்டர் பலகை மேல் ஏறிக்கொண்டார். நான் போகாமல் நின்றேன். ஏதாவது ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றேன். அவர் தூரிகையைத் தோய்த்து, விட்ட இடத்திலிருந்து எழுத்தை இழுத்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"அக்கட்டால தள்ளி நில்லுங்க. மேல சொட்டும்."